ஒரு கிலோ சோளத்தில் ஐந்து கோதுமை மணி

போன வாரம் வந்த, என் குடல் நோய்க்கான ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 6 என்று இருந்தது. 10க்குக் கீழே இருந்தால் சரி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் இதே கட்டத்தில் ‘100க்கு மேல்’ என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல் அந்தக் கருவிக்கு எண்ணத் தெரியாதாம். சீட்டை மாமாவிடம் காட்டினேன். என் மாமனார்தான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய்ப் படித்துவிட்டு, “இந்த ஆறு எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டார். அவர் அப்படித்தான்.

அந்த 100 இந்த 6 ஆன கதையை மறந்துபோவதற்குள் வரிசையாக எழுதி வைக்கிறேன். மருந்து எதுவும் இல்லை. ஒரு திருகை, இரண்டு மாவு இயந்திரம், ஒரு முறம், ஒரு தராசு, நிறைய அவமானம். அவ்வளவுதான் சாமான்.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் காவல் படை சொந்தச் சிறுகுடலையே அடிக்கத் தொடங்கிவிடும். குடலின் உள்சுவரில் விரல் விரலாக நிற்க வேண்டிய குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடும். தின்றது ஒட்டாது. தத்துவம் இத்தோடு போதும்.

பன்னிரண்டு ஆண்டுகள் இது தெரியாமலே ஓடின. வாரத்தில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு, மாலையானால் ஆறு மாதக் கர்ப்பிணி போல உப்புசம், படியேறினால் மூச்சிரைப்பு. ஹீமோகுளோபின் 7.6. “பெண்களுக்கு ரத்தம் குறைவது சகஜம்” என்று சொல்லாதவர்கள் பாவம் செய்தவர்கள். இரும்புச் சத்து மாத்திரை, பேரீச்சம்பழம், வாயு மாத்திரை, ஓமத் தண்ணீர் எல்லாம் ஒரு சுற்று. வயிறு ரொம்பக் கெட்ட நாட்களில் எங்கள் வீட்டுப் பத்தியம் என்ன தெரியுமா? பாலும் ரஸ்க்கும். தெம்புக்கு மால்ட் கலந்த சத்துபானம். சூட்டுக்குப் பார்லிக் கஞ்சி. வலிக்கிற பல்லுக்குக் கரும்பு கொடுத்த கதைதான். போதாக்குறைக்கு, மாமாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து வீட்டில் இரவுச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிட்டது. சோற்றால்தான் உப்புகிறது என்று நானே முடிவு கட்டி, மூன்று சப்பாத்தியை நான்காக்கிக்கொண்டேன்.

2023இல் சேலத்தில் ஒரு குடல் மருத்துவர்தான் ரத்தத்தில் இந்தச் சோதனையைப் பார்க்கச் சொன்னார். வடக்கே நிறையப் பேருக்குத் தெரிந்த நோய், நம் பக்கம் குறைவு என்பதால் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை என்றார். சோதனைக்கு 1,400 ரூபாய். அடுத்தது எண்டோஸ்கோபி, சிறுகுடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும்.

முதல் தவறு இங்கேதான். எண்டோஸ்கோபிக்குத் தேதி கிடைக்க நாளாயிற்று. அதற்குள் என் அவசரபுத்தியில் கோதுமையை நிறுத்திவிட்டேன். மூன்று வாரத்தில் வயிறு கொஞ்சம் அடங்கியது. பெருமையோடு போய்ச் சொன்னால், மருத்துவர் தலையில் கைவைத்துக்கொண்டார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் குடலில் அடையாளம் தெரியுமாம். நிறுத்திவிட்டுச் சோதித்தால் பொய் சொல்லும். மறுபடியும் தினம் இரண்டு சப்பாத்தி வீதம் ஆறு வாரம் சாப்பிட வைத்தார். விஷம் என்று தெரிந்த பிறகு அதை நெய் தடவித் தின்றது அந்த ஆறு வாரம்தான். எண்டோஸ்கோபியும் திசுச் சோதனையுமாக 6,200 ரூபாய். உறிஞ்சிகள் மழுங்கியிருப்பது உறுதியானது. யாராவது இதைப் படித்துவிட்டுத் தனக்கும் இருக்குமோ என்று நினைத்தால், முதலில் சோதனை, பிறகு பத்தியம். வரிசையை மாற்றினால் வரிசை உங்களை ஆறு வாரம் மாற்றும்.

ஆகஸ்டில் தொடங்கினேன். சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், பிரெட் எல்லாம் நின்றன. அரிசி தின்னும் ஊரில் இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். இட்லி இருக்கிறது, தோசை இருக்கிறது, சோறு இருக்கிறது. இரண்டு மாதத்தில் பாதி குணம். அதன் பிறகு அங்கேயே நின்றுவிட்டது. பத்து நாள் நன்றாக இருக்கும். பதினோராம் நாள் காரணமில்லாமல் பழைய ஆட்டம். 2024 பிப்ரவரியில் சோதித்தால் 62.

நான் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் கணக்கு எழுதுகிறவள். கிழங்கு எவ்வளவு உள்ளே வந்தது, மாவு எவ்வளவு வெளியே போனது என்று இரண்டு பக்கமும் நேராகவில்லை என்றால், நடுவில் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, வாயில் போட்டது, வயிறு சொன்னது என்று மூன்று பத்தி கட்டினேன். ஐந்து வாரம் எழுதியதில் முதல் ஒழுக்கு தெரிந்தது. ரசம் வைத்த நாளெல்லாம் மோசம்.

ரசத்தில் கோதுமை எங்கே? பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணில் படாத எழுத்தில் சேர்மானம்: கோதுமை மாவு, பிசின், பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் கடுமையானது என்பதால் மாவு சேர்த்துத்தான் விற்கிறார்கள். கட்டியாக வாங்கினால் சுத்தம் என்று நினைத்து ஒரு மாதம் ஏமாந்தேன். கட்டியிலும் மாவு உண்டு. அரிசி மாவு சேர்த்தது என்று அச்சிட்டது தேடினால் கிடைக்கிறது. நான் இப்போது வைத்திருப்பது மாவு சேராத பால்பெருங்காயம்: 10 கிராம் 280 ரூபாய். கடுகளவு எடுத்து வெந்நீரில் கரைத்தால் ஒரு சட்டி ரசத்துக்குக் காணும். முதல் நாள் வழக்கம்போல அரைத் தேக்கரண்டி போட்டுவிட்டேன். அந்த ரசத்தை நாயும் முகரவில்லை. பெருங்காயம் பிடிபட்டதும் அதன் உறவினர்களும் வரிசையாகப் பிடிபட்டார்கள்: கடை ஊறுகாய், அப்பளம், சாம்பார் பொடி.

இரண்டாவது ஒழுக்கை நான் கண்டுபிடிக்கவில்லை. மாமா கண்டுபிடித்தார். நான் சப்பாத்தி தின்பதை நிறுத்தினேனே தவிர, அவருக்காகத் தினமும் மாலை ஆறு மணிக்கு மாவு பிசைந்து, தேய்த்து, சுட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அடுக்களை ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் விழுந்தது. நான் சப்பாத்திக் கட்டையில் மாவைத் தூவித் தட்டியபோது, வெயில் கற்றையில் மாவுத் தூசி புகையாக எழுந்து, பக்கத்து அடுப்பில் மூடாமல் இருந்த என் சாம்பாரில் இறங்கியது. வாசற்படியில் நின்ற மாமா அதைப் பார்த்துவிட்டு, “நாளையிலிருந்து எனக்குச் சப்பாத்தி வேண்டாம்” என்றார். ஓமலூர்ப் பக்கம் பிறந்தவர். சின்ன வயதில் சோளச் சோறும் கம்பங்கூழும்தான், கோதுமை என்பதே ரேஷனில் வந்து பழகியது, மறுபடியும் அங்கேயே போகிறேன் என்று அவர் சொன்னதில் தியாகம் எதுவும் தெரியவில்லை. கொஞ்சம் ஆசைகூடத் தெரிந்தது.

சப்பாத்திக் கட்டை, மரக் கரண்டிகள், மாவுச் சல்லடை, பழைய தோசைக்கல் எல்லாவற்றையும் நாத்தனார் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மரமும் சல்லடையும் எவ்வளவு கழுவினாலும் சுத்தமாகாது. புதிதாக வாங்கியதில் 2,340 ரூபாய்.

இப்போது மூன்றாவது ஒழுக்கு. இதுதான் பெரியது.

அரிசி மாவு, ராகி மாவு, மிளகாய்த்தூள் எல்லாம் தெருமுனை மில்லில் அரைப்பது. அதே இயந்திரத்தில்தான் எல்லார் வீட்டுக் கோதுமையும் ஓடுகிறது. இயந்திரத்தில் முன்னவர் மாவு தங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மில்காரர் ஒரு கைப்பிடி போட்டு ஓட்டிவிட்டு ஆரம்பிப்பார். அந்த ஒரு கைப்பிடி போதுமா என்று பார்க்க வேண்டும். அரிசி மாவில் கோதுமை மாவு கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. ராகி தெரியும்.

கூட்டமில்லாத ஒரு மதியம், எனக்கு முன்னால் ஒரு பாட்டி மூன்று கிலோ ராகி அரைத்துவிட்டுப் போனார். அடுத்து என் 2 கிலோ பச்சரிசியைக் கொட்டச் சொன்னேன். மாவு விழ விழ 100 கிராம் வீதம் எடை போட்டு, பைகளில் எண் எழுதினேன். இருபது பைகள். மில்காரருக்கு நான் என்ன செய்கிறேன் என்று புரியவில்லை. புருவத்தில் மாவோடு நின்று வேடிக்கை பார்த்தார். வீட்டுக்கு வந்து வெள்ளைத்தாளில் வரிசையாகப் பரப்பினோம். முதல் பை செங்கல் தூள் கலந்தது போல. நான்காவது சந்தன நிறம். ஏழாவது வரை நிறம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு வெள்ளை. ஆனால் மாமாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால் இருபதாவது பையிலும் அங்கங்கே பழுப்புப் புள்ளி.

குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல ஒரு கிலோவில் 20 மில்லிகிராம்தான் எல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியும் அதுவே. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசி மாவில் கால் கிராம்கூட வேண்டாம், 200 மில்லிகிராம் கோதுமை மாவு கலந்தாலே எல்லைக் கோடு. விரல் நுனியில் ஒட்டும் அளவு. மறுநாள் மில்காரரிடம் போய்ச் சொன்னேன். “அக்கா, ஊரே சாப்பிடுகிறது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். என் ஒருத்திக்காக அவர் மில்லைக் கழுவ முடியாது.

இங்கே புத்திசாலித்தனமாக ஒரு புது இயந்திரம் வாங்கியிருக்க வேண்டும். நான் போனது ஏற்காட்டுக்கு.

ஆலையில் என்னோடு வேலை செய்யும் ஒருத்திக்கு நாகலூர்ப் பக்கம் சொந்தம். அவள் அத்தை வீட்டுக் கொல்லையில் மிளகுக்கொடி ஏறிய மரத்தடியில் ஒரு திருகை சும்மா கிடக்கிறது என்றாள். ராகியும் சாமையும் தவிர எதையும் பார்க்காத கல். அந்தச் சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், 500 ரூபாயும் ஒரு சேலையும் அத்தையிடம் கொடுத்து, மேல்கல் கீழ்கல் இரண்டையும் தனித்தனிச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். சுமைக்கு 60 ரூபாய். இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கீழ்கல் சாக்கோடு நகர்ந்து எதிரே இருந்தவர் காலடிக்குப் போய்விட்டு, அடுத்த வளைவில் என்னிடம் திரும்பி வந்தது. இரண்டும் சேர்ந்து 24 கிலோ.

கல்லின் பல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. முன்பெல்லாம் அம்மி கொத்துகிறவர்கள் தெருவோடு கூவிக்கொண்டு வருவார்கள். இப்போது தேடித்தான் பிடிக்க வேண்டும். கன்னங்குறிச்சியில் ஒரு பெரியவர் கிடைத்தார். நடுக்குழியிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாகக் கோடு கோடாகக் கொத்தினார். 250 ரூபாய். முதல் ஒரு கிலோ அரிசியை அரைத்துக் கல்தூசிக்காகக் கீழே கொட்டச் சொன்னார்.

ஒரு கிலோ ராகிக்கு ஐம்பது நிமிடம். சலித்தால் 600 கிராம் மாவு, மீதி குருணை. அதை மறுபடி போட வேண்டும். கைமரத்தைப் பிடித்துச் சுற்றியதில் இரண்டாம் வாரமே வலது தோள் பூட்டிக்கொண்டது. களிக்கு அந்த மாவு பிரமாதம், ரொட்டிக்கு நறநற. திருகையை வாங்கியதற்காக நான் வருத்தப்படவில்லை. சாமையை ஒரே சுற்றில் உடைத்து ரவையாக எடுக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ரவை உப்புமா இல்லாத குறை அத்தோடு போயிற்று. ஆனால் நாலு பேர் சாப்பிடும் வீட்டுக்கு மாவு அரைக்கும் வழி அது இல்லை.

அடுத்து வாங்கியது பழைய மாவு இயந்திரம். வீட்டில் வைத்துக்கொள்ளும் அலமாரி மாதிரி ஒன்று; ஒரு குதிரைத் திறன் மோட்டார். மூன்றே ஆண்டு ஓடியது, 5,500 ரூபாய். அந்த வீட்டில் கோதுமைதான் அரைத்திருக்கிறார்கள் என்று தெரியும். கழற்றிக் கழுவினால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு முழுக்கக் கழற்றினோம். மேல் கூம்பு, அரவை அறையின் மூடி, உள்ளே சுற்றும் சுத்திகள், சல்லடைத் தகடு, மாவு இறங்கும் துணிக்குழாய், மூடியின் ஓரத்து ரப்பர். தூரிகையும் ஊசியும் வைத்துச் சுரண்டி எடுத்த பழைய மாவை எடை போட்டேன்: 180 கிராம். மோட்டாருக்குக் காற்றடிக்கும் விசிறிக்குப் பின்னால் மட்டும் ஒரு கைப்பிடி. புது ரப்பர், புதுத் துணிக்குழாய்த் தையல், எல்லாம் சேர்த்து 650 ரூபாய். 4 கிலோ ரேஷன் அரிசியை அரைத்து வெளியே எடுத்து, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொடுத்தேன். மனதுக்குத் திருப்தியாக இருந்தது.

இரண்டு வாரம். பழைய ஆட்டம்.

மறுபடி பிரித்தேன். அறையும் மூடியும் சேரும் இடத்தில், ரப்பர் உட்காரும் பள்ளத்துக்கு அடியில், இன்னொரு மெல்லிய இடுக்கு இருந்தது. முதல் தடவை அது என் கண்ணில் படவில்லை. அதில் மாவு ஈரம் பட்டு இறுகி, பல்லில் காரை பிடித்தது போல ஒரு மஞ்சள் கோடு. குண்டூசியால் குத்தினால் பொருக்குப் பொருக்காக விழுந்தது. ஒவ்வொரு தடவை மோட்டார் அதிரும்போதும் அதிலிருந்து கொஞ்சம் உதிர்ந்திருக்கும். இந்த இடுக்கு தெரிந்தது. தெரியாத இடுக்கு எத்தனையோ. 4,500 ரூபாய்க்கு விற்றுவிட்டேன்.

ஜூனில் புதியதை வாங்கினேன். 16,800 ரூபாய். தொடக்கத்திலேயே வாங்கியிருந்தால் நான்கு மாதமும் ஒரு தோளும் மிச்சம்.

புதியதிலும் ஒரு கோளாறு செய்தேன். கடைச் சோளத்தின் மேல் கோதுமைத் தூசி இருக்கும் என்று மூன்று தண்ணீர் கழுவி, மொட்டைமாடியில் ஒருநாள் காயவைத்து அரைத்தேன். அன்று மேகமூட்டம். ஐந்தாவது நிமிடத்தில் மோட்டார் முனகி நின்றது. திறந்தால் சல்லடைத் தகட்டின் துளைகளெல்லாம் பூச்சு பூசியது போல அடைத்திருந்தன. மர ஈர்க்கால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க ஒன்றரை மணி நேரம். இப்போது இரண்டு முழு வெயில், அதன்பிறகு கடித்துப் பார்ப்பது. கடைவாயில் வைத்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், நசுங்கினால் இன்னொரு வெயில். மழைக்காலத்தில் இரும்புச் சட்டியில் கை பொறுக்கும் சூட்டில் பத்து நிமிடம் புரட்டிவிட்டு ஆறவைத்து அரைக்கிறேன்.

தூசி போயிற்று, மணி போகவில்லை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் தானியக் கடைகளில் மூட்டைகள் வாய் திறந்து பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒரே அளவுப்படி இங்கிருந்து அங்கே தாவும். ஆலையின் மின்தராசில் 100 கோதுமை மணியை எடை போட்டேன்: 4 கிராம். ஒரு மணி 40 மில்லிகிராம். அதில் குளூட்டன் சுமார் 4. ஆக ஒரு கிலோ சோளத்தில் ஐந்து கோதுமை மணி கிடந்தால் எல்லைக் கோடு வந்துவிட்டது. இதை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். மாமா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார்.

புடைத்தால் பிரியாது, இரண்டுக்கும் கனம் போதுமான அளவு நெருக்கம். சலித்தாலும் சரிப்படவில்லை; சோளம் உருண்டை, கோதுமை நீளம் என்றாலும் தலைகீழாக நின்று நழுவிவிடுகிறது. கண்தான். சோளத்தை ஒரு மணி கனத்துக்கு முறத்தில் பரப்பி, நுனியிலிருந்து அடிக்கு விரலால் தள்ளிக்கொண்டே வருவார். சோளத்துக்கு உடம்பெல்லாம் பளபளப்பு, மூக்கில் ஒரு கறுப்புப் பொட்டு. கோதுமைக்கு வயிற்றில் நீளமாக ஒரு கீறல். “வயிற்றில் கத்திபோட்ட மாதிரி இருக்கிறது பார், அதுதான் உன் எதிரி” என்பார். ஒரு கிலோவுக்கு நாற்பது நிமிடம். பொறுக்கிய எண்ணிக்கையைத் தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆணியில் குத்துகிறார். அதிகபட்சம் 11. அந்தக் கடைக்குப் பிறகு நான் போகவில்லை. பெரும்பாலும் 1, 2. பொறுக்கிய மணிகளைக் காலியான கால்சியம் மாத்திரைப் புட்டியில் போட்டு மூடி வைக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு, கணக்குக்கு என்றார். கணக்கு எழுதுகிறவள் அதற்கு மேல் என்ன கேட்பது?

மாவு கைக்கு வந்தது. ரொட்டி வரவில்லை. குளூட்டன்தான் சப்பாத்திக்கு இழுவை தருகிறது. அது இல்லாத சோளமாவைப் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஏரிக்கரை மண்போல வெடிக்கிறது. இழுவைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே ஆலைக்குப் போனால், தொட்டி தொட்டியாக மரவள்ளி மாவு படிந்து கிடக்கிறது. பதினேழு ஆண்டுகளாக அந்தப் புளித்த வாசனைக்குள்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருநாள்கூட அதைச் சாப்பாடாகப் பார்த்ததில்லை. (ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலக்கிறார்கள் என்ற சண்டை எங்கள் ஊரில் பழையது. என் வயிற்றுக்கு அந்தச் சண்டையில் கட்சி இல்லை. இரண்டிலும் குளூட்டன் கிடையாது.)

முதலில் பாதிக்குப் பாதி சேர்த்தேன். சுடும்போது கண்ணாடி போல மின்னியது. ஆறினதும் செருப்புத் தோல். மூன்றில் ஒரு பங்கு: இன்னும் ரப்பர். ஆறில் ஒரு பங்கில் ரப்பர் போயிற்று, ஆனால் ஓரம் கிழிந்தது. அதற்கு மருந்துக்கடை இசப்கோல் உமி கைகொடுத்தது. இப்போது நிலைத்திருக்கும் அளவு இது: சோளமாவு 200 கிராம், மரவள்ளி மாவு 40, இசப்கோல் உமி 4, உப்பு 3, கொதிக்கும் தண்ணீர் 230 மில்லி. தண்ணீரில் முதலில் உமியைத் தூவி ஒரு நிமிடம் விட வேண்டும். பிறகு மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடி, பத்து நிமிடம். கை சுடச்சுடப் பிசைவதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆறவிட்டுப் பிசைந்தால் மறுபடி ஏரிக்கரை. எட்டு உருண்டை வரும். எண்ணெய்ப் பாக்கெட்டை வெட்டி விரித்த இரண்டு தாளுக்கு நடுவே வைத்துத் தட்டினால் ஒரு சாண் அகலம், இரண்டு மில்லிமீட்டர் கனம். நன்றாகக் காய்ந்த கல்லில் போட்டதும் மேல்முகத்தில் ஈரக் கையால் தண்ணீர் தடவ வேண்டும். அந்த ஈரம் காயும்போது திருப்பிப் போட்டு, பிறகு நேரே தீயில் காட்டினால் எழும்பும். எட்டில் ஆறு எழும்புகிறது. ஒரு ரொட்டி சுமார் இரண்டரை ரூபாய். கடையில் குளூட்டன் இல்லாத மாவு என்று விற்பதைக் கிலோ 380 கொடுத்து ஒருமுறை வாங்கினேன்; ருசியும் இல்லை, எழும்பவும் இல்லை. பன் செய்யும் முயற்சி மூன்று தடவையும் செங்கல்லாக முடிந்தது. அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

2025 ஜனவரியில் 14. ஹீமோகுளோபின் 11.8. இந்த ஆடியில் 6.

செலவுக் கணக்கு: திருகை, சுமை, கல்கொத்து 810, பழைய இயந்திரத்தில் நட்டம் 1,000, அதற்குச் செய்த வைத்தியம் 650, புதிய இயந்திரம் 16,800, பாத்திரங்கள் 2,340. மொத்தம் 21,600. பழைய இயந்திரத்துக்கு அழுத 1,650 வெறும் படிப்புச் செலவு. மறுபடி தொடங்கினால் முதல் நாளே பெருங்காய டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன், அது இலவசம்.

வெளியே சாப்பிடுவது இன்னும் தீராத வழக்கு. ஓட்டல் சாம்பாரில் எந்தப் பெருங்காயம் என்று யாரைக் கேட்பது? எனக்கு உண்மையில் ஏக்கம் தட்டுவடை செட் மேல்தான். மாலையில் தள்ளுவண்டிக்காரர் இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் காரட்டும் திணித்துச் சட்னி தடவுவதைப் பார்த்துக்கொண்டே எத்தனை நாள் கடந்து போயிருக்கிறேன். ஒருநாள், “அண்ணா, இதில் மைதா உண்டா?” என்று கேட்டேன். “மொறுமொறுப்புக்குக் கொஞ்சம்தான் அம்மா” என்று ஒளிக்காமல் சொன்னார். இப்போது வீட்டில் அரிசி மாவில் தட்டிப் பொரித்து எடுத்துப் போகிறேன். நடுவில் வைக்கும் காய் மட்டும் அவரிடம். சட்னிக் கரண்டி வடையில் பட்டதாக இருக்கக் கூடாது என்பதால் சட்னியும் என்னுடையது. பத்து ரூபாய் கொடுத்தால் வாங்க மறுக்கிறார். வைத்துவிட்டு ஓடி வருகிறேன்.

போன இரண்டு ஆடிக்கும் தெருவில் அம்மனுக்கு ஊற்றிய கூழை வாங்கி வந்து, நெற்றியில் தொட்டுக்கொண்டு, பக்கத்தில் கொடுத்துவிட்டேன். ராகிதான், ஆனால் மில் ராகி. இந்த ஆடிக்கு 5 கிலோ ராகியை மாமா பொறுக்க, நான் அரைத்து, எங்கள் பங்காகக் கொடுத்தோம். அந்த மாவில் காய்ச்சிய பானையிலிருந்து முதல் சொம்பை எனக்கு ஊற்றினார்கள். சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு இரண்டு சொம்பு குடித்தேன்.

ஆடிப் பெருக்கன்று மாமா மாத்திரைப் புட்டியைத் திறந்து ஐம்பது மணிகளை எண்ணி எடுத்தார். ஆடிப்பட்டம் தேடி விதை என்று சொல்லியிருக்கிறார்களே, கோதுமைக்கு மட்டும் விலக்கா என்றார். உடைந்த சிமெண்ட் தொட்டியில் மண் நிரப்பி விதைத்தார். 38 முளைத்திருக்கிறது, விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று. தொட்டியை என் கைக்கு எட்டாதபடி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏற்றி வைத்திருக்கிறார். புல்லைத் தொட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது, மணியைத் தின்றால்தான் வம்பு என்று சொன்னேன்.

“கதிர் பிடித்தால்?” என்றார்.